தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளை

தேயிலை மலையில் வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் கழுத்து வலி உண்டு. குனிந்து குனிந்து வருகிற வலி. எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கு மட்டும் அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்தது.

அந்த அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, நீளமான கழுத்து. நேரில் எல்லோரும் அக்கா என்பார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் 'மேலபாத்தா' என்பார்கள். அவருக்கும் அது தெரியும். அதற்காக அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

நான் றொசல்ல ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் முடித்து இங்கே வந்து, வேலைக்குப் பேர் பதிந்து, முதல் நாள் கொழுந்து பறிக்கப் போனபோது அவருக்கு அடுத்த நிரையில்தான் என்னை நிறுத்தினார்கள். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. எனக்கு விரல்கள் மரத்துப்போய்க் கொழுந்து எது, முற்றின இலை எது என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் அவருடைய இரண்டு கைகளும் செடிமேல் ஓடிக்கொண்டே இருந்தன. முகம் மட்டும் வானத்தில் இருந்தது.

கீழே நின்ற கங்காணி கத்தினார். "ஏய், மேல என்ன, கொழுந்தா மொளைச்சிருக்கு?"

"கை ரெண்டும் ஒங்களுக்கு வேல செய்யுதுல்ல கங்காணி? கண்ணு எனக்குச் சொந்தம்."

கங்காணி ஏறி வந்து அவருடைய கூடையைக் கிளறிப் பார்த்தார். ஒரு முற்றல் இலை கிடைக்கவில்லை. என் கூடையைக் கிளறி, எனக்கு இரண்டு திட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி பிறந்தால் அக்காவின் நடையே மாறிவிடும். காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர் குடத்தை வைத்துவிட்டு அப்படியே நிற்பார். பின்னால் நிற்கிற பெண்கள் சத்தம் போடுவார்கள். ஒரு நாள் நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஈரக் கல்லின் மேல் மஞ்சள் வயிறு வைத்த ஒரு சின்னக் குருவி, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடியது.

"வாலாட்டி வந்துருச்சு. கம்பளிய எடுத்து வெயில்ல போடு புள்ள."

நான் சிரித்தேன். இரண்டு வாரத்தில் கம்பளி இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

பனிக்காலத்துக்கென்று வந்து போகிற பறவைகளை அவர் தனியாகக் கணக்கு வைத்திருந்தார். அவற்றுக்குப் புத்தகத்தில் என்ன பேர் என்று அவருக்குத் தெரியாது. அவராகவே பேர் வைத்துக்கொள்வார். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட ஒரு பழுப்புக் குருவி, கம்பு நுனியில் உட்கார்ந்து காலையிலிருந்து கரகரவென்று திட்டிக்கொண்டே இருக்கும். அதற்குச் 'சின்னக் கங்காணி' என்று பேர். அது கத்தும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் கூடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்போம். பெரிய கங்காணிக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது.

என்னை அவர் நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு காலை நேரம் மிளகாய்த்தூள் கடன் கேட்டு அவருடைய லயத்து வீட்டுக்குப் போனேன். அடுப்படி மூலையில் பழைய கொழுந்துக் கூடை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. அக்கா கதவைச் சாத்திவிட்டுக் கூடையை லேசாகத் தூக்கிக் காட்டினார். பச்சை, நீலம், சிவப்பு என்று ஒரே குருவியின் உடம்பில் அத்தனை நிறத்தையும் நான் பார்த்ததே இல்லை. கண்களை மூடி மூடித் திறந்தது.

"எங்கிருந்தோ பறந்து வந்து செவுத்துல மோதிருச்சு. களைப்பு. பொழுது சாயுறதுக்குள்ள தெளிஞ்சிரும். யார்கிட்டயும் சொல்லிறாத."

நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் பீலிக்கரைப் புதருக்குள் அதை விட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் பார்த்ததில் பாதியை நானும் பார்த்தேன்.

பார்ப்பதை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். ஒரு மார்கழியில் கொழும்பிலிருந்து இரண்டு பேர், கழுத்தில் தூரத்தைப் பார்க்கிற பெரிய கண்ணாடி தொங்க, எங்கள் மலைப்பாதையில் வந்தார்கள். கூட வந்த வழிகாட்டி அக்காவைப் பார்த்து, "அக்கே, மே பெத்தே குருல்லோ இன்னவத?" என்று கேட்டான். இந்தப் பக்கம் பறவைகள் இருக்கிறதா என்று கேட்கிறான். அக்கா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "நே மாத்தயா", இல்லை ஐயா என்றார். அவர் தலைக்கு மேலே சவுக்கு மரத்தில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. அவர்கள் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்கள்.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க? பாத்துட்டுப் போறவங்கதானே?"

அக்கா கொஞ்ச நேரம் கொழுந்து பறித்தார். பிறகு சொன்னார்.

"கல்யாணம் முடிச்ச புதுசுல, ஆத்தோரத்துல ஒரு காட்டுக்கோழி முட்டைமேல உக்காந்திருந்துச்சு. நான் தெனமும் போய்ப் பாப்பேன். நான் போனா அது எந்திரிக்கிறது கூட இல்ல. ஆசையா எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். மறுநா மத்தியானம் கறியா வந்துச்சு."

"ஐயோ."

"நானும் தின்னேன் புள்ள. தின்னுட்டுத்தான் அழுதேன்."



அவருக்கு எல்லாவற்றிலும் பெரிய சந்தோஷம் ஒரு பருந்து. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே எங்கிருந்தோ வரும், பங்குனியில் போய்விடும். தேன் பருந்து என்று பிற்பாடு ஒருவர் எனக்குச் சொன்னார். அக்கா அதை 'மாப்பிள்ளை' என்பார்.

"தீபாவளிக்கு வாராரு, நாலஞ்சு மாசம் உக்காந்து விருந்து சாப்புடுறாரு, சொல்லாமக் கொள்ளாமப் போயிறாரு. வேற என்ன பேரு வைக்கிறது?"

அதன் விருந்து குளவிக்கூடு. ஒரு நாள் தூரத்து மரமொன்றில் அது கூட்டைப் பிய்ப்பதைக் காட்டினார். குளவிகள் புகைபோல எழுந்து அதைச் சுற்றின. அது அசையவில்லை. மூஞ்சியில் செதில் செதிலாக இறகு, கொடுக்கு உள்ளே போகாது என்றார். கூட்டைக் கிழித்து உள்ளே இருந்த புழுக்களைப் பொறுமையாகப் பொறுக்கித் தின்றது.

"எடுத்த எடுப்புல எறங்க மாட்டாரு. ரெண்டு நாள் மேலயே சுத்திப் பாப்பாரு. மூணாம் நாள்தான் எலை போடணும்."

எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. மாப்பிள்ளை எங்கே சுற்றுகிறார், எப்போது உட்காருவார் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். அக்கா தோற்றதே இல்லை. மத்தியானத்தில் அது ஓய்வெடுக்கிற பட்டுப்போன டர்பன்டைன் மரமும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் தோட்டத்திலும் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பயமும் இந்த விளையாட்டும் ஏனோ எனக்குள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொள்ளவில்லை.

அது தைப்பொங்கல் முடிந்த வாரம். நாங்கள் மூன்றாம் நம்பர் மலையில் பறித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஏழாம் நம்பர் மலையின் பெரிய கல்லுக்கு மேலே மாப்பிள்ளை வட்டம் போட்டார். மறுநாளும் அதே இடத்தில் போட்டார்.

"நாளைக்கி விருந்து," என்றார் அக்கா.

"ஏழாம் நம்பருக்கு நம்மள அனுப்புனா?"

"அதுக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்கு. அதுக்குள்ள சாப்ட்டு ஏப்பம் விட்டுட்டுப் போயிருவாரு."

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் வேலை பிரித்தபோது கங்காணி, "மூணாம் நம்பருக்கு மருந்து அடிக்கப் போறாங்க, எல்லாரும் ஏழாம் நம்பருக்குப் போங்க" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் கூடைக் கயிற்றைச் சரிசெய்தேன்.

"அந்த மலை இன்னிக்கி வேணாங்க கங்காணி."

"ஏன்?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னால் துப்பாக்கியோடு போவார்கள் என்று அவருக்குத் தெரியும். "அட்டை ஏறிக் கெடக்கு," என்றார்.

முப்பது பெண்களும் சிரித்தார்கள். பனிக்காலத்தில், மழையே இல்லாத மாதத்தில் அட்டை எங்கே வரும்? பாக்கியம் என்று ஒருத்தி, எங்கள் கூட்டத்திலேயே பெரிய சிரிப்பு அவளுடையது. "அக்கா மேல பாத்துப் பாத்து, கீழ இருக்கிறது தெரிய மாட்டேங்குது!" என்றாள். சிரிப்பு இன்னும் கூடியது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயந்து பேசாமல் இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. அந்த அக்கா என்னிடம் மட்டும் காட்டியது அது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை முப்பது பேர் முன்னால் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஏழாம் நம்பரில் பெரிய கல்லை ஒட்டிய நிரை பாக்கியத்துக்கு விழுந்தது. அக்கா அவளிடம் போனார்.

"பாக்கியம், நீ இங்கிட்டு வா. அந்த நெரைய நான் புடிக்கிறேன்."

"ஏன், அங்க கொழுந்து கூட இருக்குன்னா? போங்கக்கா, ஒங்க சூச்சி தெரியும்."

அக்கா எவ்வளவோ கேட்டும் அவள் மாறவில்லை. கடைசியில் அவளுக்கு அடுத்த நிரையில் போய் நின்றுகொண்டார். அன்று அவர் கை ஓடவில்லை. கூடை வெறுமையாகக் கிடக்க, வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கங்காணி திட்டியதும் அவர் காதில் விழவில்லை.

தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிற நேரம். வெயில் பக்கமிருந்து பருந்து வந்து கல்லில் இறங்கியது. வெயில் கண்ணில் பட்டதால் அக்காவுக்கும் தாமதமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"ஓடுங்க! கீழ ஓடுங்க! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க!"

நான் ஓடினேன். என்ன என்று கேட்காமல் ஓடியவள் நான் ஒருத்திதான், ஏனென்றால் எனக்குத்தான் தெரியும். மற்றவர்கள் திரும்பிப் பார்த்து, கலைந்து எழுந்த குளவிகளைக் கண்டு, பிறகு ஓடினார்கள். பாக்கியம் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணி தேயிலைச் செடியின் வாதில் மாட்டி, விழுந்துவிட்டாள். அக்கா கீழே பாதி தூரம் வந்துவிட்டவர், திரும்ப மேலே ஏறினார். தன் தலையிலிருந்த கம்பளியை உருவி அவள்மேல் போட்டு, அவள்மேலேயே படுத்துக்கொண்டார். இதை நான் ரோட்டில் நின்று பார்த்தேன். நான் ஏறிப் போகவில்லை. யாருமே போகவில்லை.

இரண்டு பேரையும் ஏற்றிய லொறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாக்கியம் இறந்துவிட்டாள்.

எழவு வீட்டுக்கு அக்கா இரண்டாம் நாள் வந்தார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். முகம் அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் மூடியிருந்தது, உதடு தடித்துக் கிடந்தது. அதற்குள் தோட்டம் முழுக்க அவர் பேச்சாகத்தான் இருந்தது. 'தன் உசுரக் கொடுத்துக் காப்பாத்தப் பாத்தா' என்று, முன்பு 'மேலபாத்தா' என்ற வாய்களே சொல்லின. அவர் வாசலில் வந்ததும் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். பாக்கியத்தின் மகள் கௌரி, அப்போது பதினேழு வயது, ஓடிவந்து அவர் காலைத் தொடப் போனாள்.

அக்கா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னக் கும்புடாத புள்ள. எனக்குத் தெரியும்."

"என்னாக்கா?"

"அந்தப் பருந்து ரெண்டு நாளா அந்தக் கல்லுமேல சுத்துனத நான் பாத்தேன். மூணாம் நாள் கூட்டக் கலைக்கும்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல."

வீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

கௌரி மெதுவாகக் கேட்டாள். "சொல்லியிருந்தா, அம்மா வேற மலையில நின்னுருக்குமா?"

"ஆமா."

அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அட்டை என்று சொன்னதையும் சொல்லவில்லை, நிரை மாற்றக் கேட்டதையும் சொல்லவில்லை. கங்காணிதான் கேட்டார், "நீ மட்டுந்தான் பாத்தியா? வேற யாருக்கும் தெரியுமா?"

நான் மூன்றடி தள்ளி, வந்தவர்களுக்குக் கொடுக்கப் பிளேன்டீ கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் மட்டுந்தாங்க," என்றார் அக்கா. என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

கௌரி தன் கைகளை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆண்கள் நான்கைந்து பேர் கட்டுத்துவக்கு என்கிற நாட்டுத் துப்பாக்கியோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். அது எங்கே தங்கும் என்று கேட்டார்கள். அவர் மறுபேச்சு இல்லாமல் முன்னால் நடந்தார். நானும் கூட்டத்தோடு போனேன். டர்பன்டைன் மரத்துக்குக் கீழே நின்று, விரலை நீட்டிக் காட்டினார். காட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெடிச் சத்தம் கேட்டபோதும் அவர் நிமிரவில்லை.

செத்த பருந்தை லயத்து வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். பிள்ளைகள் இறக்கையை விரித்து அளந்தார்கள். பாக்கியத்தின் புருஷன் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனூண்டுதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா பழையபடி வேலைக்கு வந்தார். பழையபடி அண்ணாந்தும் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் பெரட்டுக் களத்தில், வேலை பிரிப்பதற்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு கங்காணி முன் போய் நிற்பார். "ரெண்டாம் நம்பர்ல வாய்க்காலுக்கு மேல கூடு இருக்குங்க. அஞ்சாம் நம்பர்ல ஒண்ணும் இல்ல." அடுத்த தீபாவளிக்கு வேறொரு பருந்து வந்தபோது அதையும் முதல் நாளே சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை என்று சொல்லவில்லையாம், பருந்து என்றுதான் சொன்னாராம். கங்காணி ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டு மலையை மாற்றுவாராம்.

அந்தத் தீபாவளியை நான் கேள்விதான் பட்டேன், பார்க்கவில்லை; அதற்குள் தோட்டத்தை விட்டுப் போயிருந்தேன். அவருக்கு அடுத்த நிரையில் நிற்க மாட்டோம் என்று எல்லாப் பெண்களும் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சொன்னபோது நானும் சொன்னேன். ஆறு மாதத்தில் ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரரையும் கட்டாயப்படுத்தி அங்கேயே வாடகைக்குப் போய்விட்டோம். போகும்போது சொல்லிக்கொண்டு போகலாம் என்று அவர் வீட்டு வாசல் வரை போனேன். அவர் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "போய்ட்டு வா புள்ள, டவுனுல குளிரு கூட, பாத்துக்க" என்றார்.  நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

வயது முடிந்து வேலையிலிருந்து நின்றதும் அவர் பொல்பிட்டியப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போன மார்கழியில் அங்கேயே இறந்துபோனார். எனக்குத் தகவல் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கருமாதிக்குத்தான் போனேன். தோட்டத்திலிருந்து வந்திருந்தது ஒரே ஒரு ஆள். கௌரி. அம்மாவுக்குப் பிறகு அவளும் பேர் பதிந்து கொழுந்து பறிக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சோறு போடுவதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை சொந்த மகள்போல அவள்தான் ஓடியாடிச் செய்தாள்.

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் ஏறினோம். பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் நான் அவளிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பருந்தை நானும் பார்த்தேன் என்று சொன்னேன். இரண்டு நாளும் பார்த்ததையும், பெரட்டுக் களத்தில் அக்கா என்னைப் பார்த்ததையும், நான் குனிந்துகொண்டதையும் சொன்னேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா ஒங்கிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. கடைசி வரைக்கும் 'நான் மட்டுந்தான் பாத்தேன்'னுதான் சொன்னாங்க."

"நீ என்ன திட்டுனாலும் நான் கேட்டுக்கிறேன் கௌரி."

"ஒங்களத் திட்டி என்ன ஆகப் போவுது? அம்மாவக் குளவி கொட்டிருச்சு, செத்துருச்சு. அதுக்கு நான் யாரயும் கேக்கப் போறதில்ல." அவள் குரல் நிதானமாக இருந்தது. "நான் பேர் பதிஞ்சு முத வருசம், அவங்க பக்கத்துல யாரும் நிக்கல. நானும்தான் நிக்கல. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் ஒரு பக்கம் உக்காந்திருப்போம், அவங்க மட்டும் தூரமாப் போய் ரொட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு நாள் எனக்கே மனசு கேக்கல, போய்ப் பக்கத்துல உக்காந்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு அவங்களுக்கு."

இப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அம்மாவப் பறிகுடுத்த நானே போய் உக்காந்தேன். ஒங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. நீங்க ஒரு நாள் வந்து உக்காந்திருக்கலாம்ல?"

 கினிகத்தேனையில் பஸ் நின்று, ஆட்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். கைப்பிள்ளையோடு ஒரு பெண் எங்கள் பக்கம் வந்தாள். கௌரி எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்துபோனாள். வட்டவளையில் பாதிப் பேர் இறங்கி, என் பக்கத்தில் இடம் காலியானது. ஹட்டன் வரும்வரை அவள் நின்றுகொண்டேதான் வந்தாள்.